எலிக்குக் கூச்சம் உண்டா?

கடத்தூர்ச் சந்தையில் முன்பின் அறியாத வியாபாரியிடம் வெற்றிலைக் கவுளிக்கு விலை பேச நான் கூசியதில்லை. அதே நான் வகுப்பில் கருத்தரங்கக் கட்டுரை வாசிக்க எழுந்தால் நா வறண்டுவிடும், உள்ளங்கை வேர்க்கும், எழுதி வைத்த வரிகளே கண்ணுக்குத் தெரியா. சென்ற பருவத்தில் பாதியிலேயே அமர்ந்துவிட்டேன். “கூச்ச சுபாவம், போகப்போகச் சரியாகிவிடும்” என்றனர் நண்பர்கள். இவ்வச்சம் முற்றிய நிலையை அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு 1980இலேயே ஒரு நோயாக வகைப்படுத்திவிட்டது.

இதனை எலியைக் கொண்டு ஆராய்கிறார்கள் என்று படித்தபோது, விலங்கியல் மாணவனாகிய எனக்கே சிரிப்பு வந்தது. எலிக்கு ஏது மேடை? ஏது கைதட்டல்? ஆயினும் செய்தி நகைப்பிற்குரியதன்று. ஒன்றையொன்று அறியாத இரண்டு எலிகளை ஓரிடத்தில் விட்டு, அவை முகர்ந்தும் பின்தொடர்ந்தும் பழகும் நேரத்தைக் கணக்கிடும் முறையை, 1978இல் இங்கிலாந்தில் சான்ட்ரா ஃபைல் என்னும் அம்மையார் வெளியிட்டார். பழகிய இடத்தில், மங்கிய ஒளியில் நன்கு உறவாடும் எலிகள், புதிய இடத்தில், பளீரென்ற வெளிச்சத்தில் ஒதுங்கிக்கொள்கின்றன. அச்சந்தணிக்கும் மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் அவ்வொதுக்கம் குறைகிறது. மேடை விளக்கின் கீழ் என்னையே கண்டதுபோல் இருந்தது!

நமக்கு அருகே, பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில், சுமந்திர சட்டர்ஜி குழுவினர் எலிகளை நாளுக்கு 2 மணி நேரமாக 10 நாட்கள் அசைய முடியாதபடி அடக்கி வைத்தனர். நினைவுக்குத் துணையான ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. அச்சத்துக்குரிய அமிக்டலாவிலோ வளர்ந்தன. இது 2002இல் வெளியான ஆய்வு. 21 நாட்கள் ஓய்வு தந்தும் அவ்வளர்ச்சி குறையவில்லை என்று 2004இல் எழுதினர். இது மேடை அச்சம் பற்றிய ஆய்வன்று. எலியிற் கண்டது அப்படியே மனிதனுக்குப் பொருந்தும் என்றும் வாதிடேன். ஆனால் “போகப்போகச் சரியாகிவிடும்” என்போர் சற்றே சிந்திக்கலாம்.

எனினும் எனக்கொரு தடை உண்டு. எலி வெளிச்சத்துக்கு அஞ்சுகிறது. கடிக்க வரும் மற்றோர் எலிக்கு அஞ்சுகிறது. நான் அஞ்சுவது எதிரே இருப்பவர் மனத்தில் என்னைப் பற்றி ஓடும் எண்ணத்துக்கு. ‘நாலு பேர் என்ன நினைப்பார்கள்’ என்பதை எலியிடம் எப்படிக் கேட்பது? சந்தையில் வராத நடுக்கம் வகுப்பில் ஏன் வருகிறது? அங்கே பேசுவது எங்கள் ஊர்ப் பேச்சு. இங்கே வாசிப்பது ஆங்கிலம். பிழை விழுந்தால் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். இதைக் கூண்டுக்குள் தேடிப் பயனில்லை. மருந்தையும் நரம்பையும் பற்றிய வினாக்களுக்கு மட்டும் எலியை வருத்தலாம், அதுவும் 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குழுவின் இசைவோடு. மற்ற வினாக்களை எங்களிடமே கேட்கலாமே! வாய் திறந்து சொல்லக்கூடிய விலங்குகள் ஒவ்வொரு வகுப்பிலும் அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறோம்.

வரும் பருவத்தில் மீண்டும் என் முறை வருகிறது. தமிழில் வாசிக்க அனுமதி கேட்டு விரிவுரையாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நேரில் கேட்கத் துணிவு வரவில்லை.