960 ரூபாய் கூடிப்போன குடும்பம்

கள்ளக்குறிச்சி மாவட்டம் ரிஷிவந்தியத்தில் கூலிக்குப் போகும் கணவன், மனைவி இருவரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் நிர்ணயித்த நாட்கூலி 336 ரூபாய். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டு, நடவு, களையெடுப்பு, ஏரி வேலை என்று எல்லாம் சேர்த்து ஆளுக்கு 180 நாள் இதே கூலியில் வேலை கிடைத்தது என்று வையுங்கள். பாதி வருடம் உழைப்பு, மீதிப் பாதி சும்மா. கணக்குப் போட்டால் 1,20,960 ரூபாய் வரும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரக் குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 1,20,000. காகிதத்தின்படி 960 ரூபாயால் இந்தக் குடும்பம் வெளியே நிற்கிறது.

நடைமுறையில் யாரும் இவர்களைத் துரத்திவிடுவதில்லை. வரம்புக்குள் அடங்கும்படி வருமானச் சான்று எழுதித் தரப்படுவது ஊரறிந்த சங்கதி. அதில் குறை காணவும் மனம் வராது. ஆனால், ஓர் உயிர்காக்கும் உரிமை வி.ஏ.ஓ.வின் இரக்கத்தில் தொங்குவது சரியா? இரக்கம் இல்லாத இடத்திலும், கேட்கத் தெரியாத வீட்டிலும் காப்பீட்டு அட்டை கிடைக்காது. கடைசியில் அட்டை இல்லாமல் போகிறவர் வசதி உள்ளவர் அல்ல, ஆபீஸ் ஏறி இறங்கத் தெரியாதவர்.

திட்டத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீடாகத் தொடங்கியது. 2012 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் புது வடிவம் எடுத்தது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் உண்டு. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலின் வழியே பல குடும்பங்கள் தாமாகவே உள்ளே வந்தன. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. ஆட்சி மாறினால் முந்தைய ஆட்சியின் கட்டடம்கூடப் பூட்டப்படும் மாநிலத்தில், ஒரு திட்டம் பெயரையும் வடிவத்தையும் மாற்றிக்கொண்டு இத்தனை ஆண்டு பிழைத்திருப்பது சின்ன விஷயம் இல்லை.

2022 ஜனவரி 11 அன்று அது ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. வருமான வரம்பு 72,000-இலிருந்து 1,20,000-க்கு உயர்ந்தது அப்போதுதான். ஒரு குடும்பத்துக்கு அரசு கட்டும் பிரீமியம் ஆண்டுக்கு 849 ரூபாய். திட்டத்தைப் புதுப்பித்த மறுநாள், ஜனவரி 12 அன்று, தமிழ்நாட்டின் பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று கள்ளக்குறிச்சி சிறுவங்கூரில்.

அட்டையா, ஆஸ்பத்திரியா என்று கேட்டால் ரிஷிவந்தியத்துக்கு முதலில் வேண்டியது ஆஸ்பத்திரிதான். 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரியும்வரை இங்கே எதற்கும் விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ். கல்வராயன் மலை வெள்ளிமலைக்காரர்களின் பாடு இன்னும் மோசம். சிகிச்சைக்கான தூரத்தைச் சிறுவங்கூர் ஆஸ்பத்திரி சுருக்கியது. முழுவதுமாக அல்ல: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, நோயாளிகளைச் சேலத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் விழுப்புரம் முண்டியம்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. 5 லட்சம் என்று அட்டையில் அச்சடித்திருந்தாலும், அதைச் செலவழிக்கப் பக்கத்தில் டாக்டரும் தீவிர சிகிச்சைப் படுக்கையும் வேண்டும்.

வருமான வரம்புக்கு வருவோம். ராஜஸ்தான் 2021 மே மாதம் சிரஞ்சீவி காப்பீட்டைத் தொடங்கியபோது ஓர் எளிய வழியைக் கண்டது. இலவசப் பட்டியலில் வராத குடும்பம் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டிச் சேர்ந்துகொள்ளலாம் என்றது. நம் 849-க்கும் அந்த 850-க்கும் ஒரு ரூபாய்தான் வித்தியாசம்! வரம்பைத் தாண்டிய நம் கூலிக் குடும்பமும், பெட்டிக்கடைக்காரரும், வாடகை ஆட்டோ ஓட்டுபவரும் இந்தத் தொகையைத் தாங்களே கட்டிவிடுவார்கள். பொய்ச்சான்று கேட்டு யாரிடமும் தலைசொறிய வேண்டாம். அரசுக்கும் புதுச் செலவு பெரிதாக இல்லை. பதிவை ரேஷன் கடையிலேயே வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஆபீஸ் அதுதான்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் பேசும். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாதா மாதம் தனியார் கிளினிக்கில் கொடுக்கும் பீஸ், மருந்துக்கடை பில், பஸ் செலவு, கிளினிக் போனதால் இழந்த நாட்கூலி இவை எதுவும் அதன் கணக்கில் வராது. தோடு அடகுக்குப் போவது பல வீடுகளில் இந்தச் சில்லறைச் செலவுகளால்தான். தாய்லாந்து 2001-இல் கொண்டுவந்த 30 பாட் மருத்துவத் திட்டத்தில் வெளிநோயாளி சிகிச்சையும் சேர்ந்தே இருந்தது. இங்கே 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது காப்பீடு அல்ல, அதுதான்.

2022-இல் போட்ட ஐந்தாண்டு ஏற்பாடு 2027 ஜனவரி வரை. அடுத்த ஒப்பந்தத்தில் 849 ரூபாய்க் கதவைத் திறந்து வைக்க வேண்டும். அதுவரை, இன்னும் அட்டை எடுக்காதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீஸ் பதிவு மையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண் இருக்கிறது. நெஞ்சுவலி வந்த பிறகு அலைய வேண்டாம். இந்த வாரமே போய்விடுங்கள்.