தோல் புற்றுநோய் ஆராய்ச்சி செல்லவேண்டிய திசை

உடலின் உயிரணுக்கள் வெளியிலிருந்து வரும் கட்டளைக்கு இணங்கியே பெருகுகின்றன. அக்கட்டளையை ராஸ், ராஃப், மெக், எர்க் என்னும் புரதங்கள் ஒன்றிடமிருந்து மற்றொன்று பெற்று உட்கருவுக்குக் கொண்டு சேர்க்கின்றன. அஞ்சற் பையைக் கைமாற்றிச் செல்லும் ஓட்டக்காரர்களுக்கு இவற்றை ஒப்பிடலாம். கட்டளை இல்லாதபோது இவை அடங்கியிருத்தல் இயற்கை.

மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோயில் இவ்வொழுங்கு குலைகின்றது. இந்நோய்க் கட்டிகள் பலவற்றில் பி-ராஃப் என்னும் புரதம் பழுதுற்றிருப்பதை 2002-ஆம் ஆண்டில் பிரிட்டனில் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். அப்புரதத்தின் 600-ஆவது இடத்தில் வாலினுக்குப் பதிலாகக் குளூட்டாமிக் அமிலம் அமைந்துவிடின், கட்டளையின்றியே பெருக்கத் தூண்டுதல் ஓயாது செல்கின்றது. இதனை அடக்கும் வெமுராஃபெனிப் என்னும் மருந்து 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டிகள் விரைந்து சுருங்கின. ஆயினும் பலருக்குச் சில மாதங்களிலேயே நோய் மீண்டது. அடைபட்ட வழியைச் சுற்றிச் சென்று புற்றணுக்கள் மெக் புரதத்தை மறுபடியும் தூண்டியது இதற்கு முக்கிய காரணமாகும். எனவே இரு புரதங்களையும் ஒருங்கே அடக்கும் கூட்டு மருந்துமுறை 2014-இல் நடைமுறைக்கு வந்தது.

இவ்வெற்றிகள் போற்றத்தக்கவையே. எனினும் இவ்வாராய்ச்சியிற் பெரும்பகுதி, வெண்ணிற மக்களின் வெயில் படும் தோலில் தோன்றும் மெலனோமாவைப் பற்றியது. கருநிறத் தோலுடையோர்க்கு இந்நோய் அரிது. வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே பெரிதும் தோன்றுகின்றது. இவ்வகைக் கட்டிகளில் பி-ராஃப் பழுது குறைவு. கிட் போன்ற வேறு புரதங்களின் பழுது சிலவற்றில் காணப்படுகின்றது. ஆகவே ஓரிடத்துக் கட்டிக்கு ஏற்ற மருந்து வேறிடத்துக் கட்டிக்கும் ஏற்றது எனக் கொள்வதற்கில்லை. இந்திய நோயாளரின் கட்டிகளை இந்திய ஆய்வுக்கூடங்களிற் பரந்த அளவில் பகுத்தாய்தல் இன்றியமையாதது. பிறர் கண்ட முடிவுகளைப் பின்பற்றுதல் மட்டும் போதாது.

நோயாளி உரிய காலத்தில் மருத்துவமனையை அடைந்தாலன்றி இவ்வாய்வு கைகூடாது. உள்ளங்காலின் கரும்புள்ளியை முள் தைத்த வடு என்றோ கால் ஆணி என்றோ கருதிக் காலங்கடத்துதல் எளிது. தொழுநோயைக் கண்டறியத் தோலைப் பார்வையிடும் களப்பணியாளர்கள் உள்ளங்கால்களையும் நகங்களையும் சேர்த்துப் பார்ப்பார்களாயின், தனிச் செலவின்றியே பெரும் பயன் விளையும். ஒழுங்கற்ற வடிவும் பலவகை நிறமும் கொண்டு வளர்ந்துவரும் புள்ளி, நகத்தில் அகன்றுவரும் கருங்கோடு, ஆறாத புண் ஆகியவற்றைக் கண்டால், அவற்றைச் சுடவோ கீறவோ இடங்கொடாமல் உடனே மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். ஆசிரியர்கள் உயிரணுப் பாடத்தோடு இதனையும் இணைத்துக் கற்பித்தால் இச்செய்தி மாணவர் வழியே இல்லந்தோறும் சென்றடையும்.

மெல்லிய நிலையிலேயே அறுத்து அகற்றப்பட்ட கட்டிக்குப் பெரும்பாலும் விலையுயர்ந்த மருந்து தேவைப்படுவதில்லை. ஆய்வுக்கூடத்தின் நுண்ணறிவும் களப்பணியாளரின் கூரிய பார்வையும் ஒன்றுசேரும்போதே இவ்வாராய்ச்சி நம் மக்களுக்கு முழுப்பயன் தரும்.