குசினியைத் திருத்துவோம், கடன்படாமல்



புதிதாக வீடு வாங்கியவர்களும் வாடகை வீட்டில் காலூன்றியவர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "குசினி பழசாய்க் கிடக்குது, என்ன செய்யலாம், எவ்வளவு முடியும்?" என்பதே அது. இம்முறை அதைப் பற்றியே எழுதுகிறோம். நாங்கள் கட்டட வேலை படித்தவர்கள் அல்லர். பகலும் இரவும் மாறி மாறிப் பக்ரறியில் நிற்கும் குடும்பம். ஸ்காபரோவில் 1974ஆம் ஆண்டு கட்டிய சிறிய வீடொன்றின் குசினியை, கைக்கு எட்டிய காசில் திருத்தினோம். அந்த அனுபவமும், விசாரித்து அறிந்த விடயங்களுமே இங்கே வருகின்றன.

முதலில் குசினியை எதற்காகத் திருத்துகிறோம் என்று எங்களை நாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். பிறந்தநாள், சாமத்தியவீடு என்று எங்கள் ஆட்களின் வீடுகளுக்குப் போகும்போது பளபளக்கும் கருங்கல் மேசைகளைக் காண்கிறோம். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் எங்கள் குசினி எங்களுக்கே அழுக்காகத் தெரிகிறது. வங்கியும் கடன் தர ஆயத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு ஊருக்கு அனுப்பும் காசும், பிள்ளைகளின் படிப்புக்குச் சேர்க்கும் காசும் அந்தக் கடனுக்குக் கட்டும் வட்டியாகப் போய்விடும். கருங்கல் மேசையில் வைத்து வெட்டினாலும் வெங்காயம் வெங்காயம்தான்.

ஆகவே வீட்டில் எல்லோரும் இருந்து கதைத்து ஒரு பட்டியல் போட்டோம். உடம்பை வருத்துவது எது, ஆபத்தானது எது, பார்வைக்கு மட்டும் அழகில்லாதது எது என்று மூன்றாகப் பிரித்தோம். முதல் இரண்டுக்கும் காசு, மூன்றாவதுக்குக் கைவேலை என்று முடிவு செய்தோம். எல்லாவற்றுக்குமாக ஒதுக்கியது 2,500 டொலர்.

புகையும் மணமும்

இந்த நாட்டுப் பழைய வீடுகளின் குசினிகள் எங்கள் சமையலை நினைத்துக் கட்டப்பட்டவை அல்ல. ஊரில் குசினியை ஒரு புறமாகத் தள்ளிக் கட்டி, புகை போக வழியும் வைத்தார்கள். மிளகாய் வறுத்தால் தும்மல் முற்றத்தோடு போய்விடும். இங்கே மாரியில் யன்னல் திறக்க முடியாது. தூளுக்கு வறுத்தால் மேல்மாடியில் படுத்திருக்கும் குழந்தை இருமுகிறது. மீன் பொரித்த மணம் ஜக்கற்றில் ஏறிப் பள்ளிக்கூடம் வரை போகிறது. "நாளைக்குப் பள்ளிக்கூடம், இண்டைக்கு மீன் பொரிக்க வேண்டாம்" என்று எங்கள் மகள் சொல்லத் தொடங்கியபோது, காசை முதலில் எங்கே போடவேண்டும் என்பது எங்களுக்கு விளங்கிவிட்டது. பிள்ளை எங்கள் சாப்பாட்டுக்கு வெட்கப்படக்கூடாது. அதற்காகப் பகிடி வாங்கவும் கூடாது.

அடுப்புக்கு மேலே பூட்டும் விசிறிப்பெட்டியில் இரண்டு வகை உண்டு. ஒன்று புகையை இழுத்து, கரித்தட்டில் வடித்து, திரும்பவும் குசினிக்குள்ளேயே விடும். மற்றது குழாய் வழியாக வெளியே தள்ளும். எங்கள் சமையலுக்கு இரண்டாவதுதான் உதவும். உங்களிடம் இருப்பது எது என்று அறிய, விசிறியைப் போட்டுவிட்டு வெளிச்சுவரில் உள்ள மூடியருகே கையை வைத்துப் பாருங்கள். காற்று வராவிட்டால் அது வெளியே போகவில்லை. குழாய் உலோகத்தில் இருக்கவேண்டும், பிளாஸ்ரிக்கில் கூடாது. கூரைக்கு உட்புறத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவோம் என்று யாராவது சொன்னால் இணங்க வேண்டாம். குளிர்காலத்தில் அந்த நீராவி அங்கேயே தண்ணீராகிப் பலகையில் பூஞ்சணம் பிடிக்கும்.

விசிறியின் வலைத்தட்டை மாதம் ஒருமுறை சுடுநீரில் சவர்க்காரம் போட்டு ஊறவைத்துக் கழுவுங்கள். அதில் படியும் எண்ணெய் தீப்பிடிக்கக்கூடியது. பொரிக்கும்போது சட்டிக்குப் பொருத்தமான மூடியைப் பக்கத்தில் வைத்திருங்கள். எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியால் மூடி, அடுப்பை நிற்பாட்டுங்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம்.

மின்சாரம்

கேத்தலையும் சோறு அவிக்கும் குக்கரையும் ஒன்றாகப் போட்டால் மின்சாரம் நின்றுவிடுகிறது என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். காரணம் சிறிய கணக்குத்தான். இங்கே சாதாரண செருகிக்கு வருவது 120 வோல்ற். 15 அம்பியர் இணைப்பு ஒன்று தாங்குவது ஆகக்கூடியது 1,800 வாற். கேத்தல் 1,500, குக்கர் 700 என்றால் கூட்டிப் பாருங்கள், 2,200 வருகிறது. இரண்டையும் வெவ்வேறு இணைப்பில் போடவேண்டும். நீட்டு வயரில் தொடுத்து ஓட்டுவது தீக்கு அழைப்பு விடுப்பதாகும். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியும் கிரைண்டரும் 230 வோல்ற்றுக்குச் செய்தவை, இங்கே நேரடியாகச் செருகினால் சரியாக ஓடாது. இந்த நாட்டு மின்சாரத்துக்கான மிக்ஸி எங்கள் கடைகளிலேயே கிடைக்கிறது.

1960களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை கட்டிய வீடுகள் பலவற்றில் செம்புக்குப் பதிலாக அலுமினிய வயர் ஓடுகிறது. அந்த வயரின் பொருத்துகள் தளர்ந்து சூடேறும் ஆபத்து உண்டு. ஆகவே தொடமுன் பார்ப்பிக்கவேண்டும். ஒன்ராறியோவில் கூலிக்கு மின்வேலை செய்பவர் மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபையின் உரிமம் உள்ளவராக இருக்கவேண்டும். வேலை பற்றி அந்தச் சபைக்கு அறிவித்தலும் கொடுக்கவேண்டும். அந்தத் தாளை வாங்கி வைத்திருங்கள், வீட்டுக் காப்புறுதிக்காரர் கேட்கும்போது உதவும். தண்ணீர்த் தொட்டிக்குக் கிட்டவுள்ள செருகிகள், மின் கசிந்தால் தாமே நிற்கும் வகையாக இருப்பது அவசியம்.

அலுமாரியும் நிலமும்

அலுமாரிப் பெட்டி உறுதியாக இருந்தால் கழற்றி எறியவேண்டாம். கதவுக்கு வர்ணம் பூசினாலே குசினி மாறிவிடும். கதவுகளைக் கழற்றி, எது எங்கே என்று இலக்கம் போடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போகும்வரை கழுவுங்கள். பிறகு மெல்ல உரைதாள் பிடித்து, வழுவழுப்பான பரப்பிலும் பிடிக்கும் பிறைமர் ஒரு பூச்சு, வர்ணம் இரண்டு பூச்சு. தொட்டால் காய்ந்ததுபோல இருந்தாலும் வர்ணம் இறுகச் சில கிழமைகள் எடுக்கும், அதுவரை கவனம். கழுவுவதில் அவசரப்பட்டால் வர்ணம் உரிந்துவிடும். வேலையில் பாதி அந்தக் கழுவல்தான்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. 1990க்கு முன் கட்டிய வீடாயின், பழைய வர்ணத்தில் ஈயமும், நிலத்தில் ஒட்டிய வினைல் ஓட்டிலும் அதன் பசையிலும் அஸ்பெஸ்ரசும் இருக்கக்கூடும். கனடா அஸ்பெஸ்ரசைத் தடைசெய்தது 2018ஆம் ஆண்டில்தான். ஆய்வுகூடத்தில் சோதிப்பிக்காமல் உரைக்கவோ கிளப்பவோ வேண்டாம். ஈயத்தூசு சிறு பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். உடையாத பழைய ஓடு கிடந்தபடி கிடக்க, அதன்மேல் புதிய விரிப்பைப் போட்டுவிடலாம். நாங்களும் அப்படித்தான் விட்டிருக்கிறோம், விரிப்பு வருகிற வருடம்.

பழைய பொருள் வாங்குவதில் கௌரவக் குறைவு இல்லை. ஹபிற்றாற் ஃபோர் ஹியூமானிற்றி நடத்தும் றீஸ்ரோர் கடைகளில் மற்றவர்கள் கழற்றிக் கொடுத்த நல்ல அலுமாரி, தொட்டி, விளக்கு எல்லாம் மலிவாகக் கிடைக்கின்றன. அக்கடைகளில் முதலாவது 1991ஆம் ஆண்டு வினிபெக்கில் திறக்கப்பட்டது. பெரிய சட்டி பானை கழுவ ஆழமான தொட்டியை அங்கேதான் எடுத்தோம். மேசைக்குக் கருங்கல் வேண்டாமென்று லமினேற் பலகை போட்டோம். சூடான சட்டியை நேரே வைக்காமல் ஒரு மணை வைத்தால் போதும்.

வேலைக்கு ஆள் பிடிக்கும்போது

"எங்கட ஆள்தானே, பற்றுச்சீட்டு வேண்டாம், 13 வீத வரி மிச்சம்" என்ற பேச்சுக்கு மயங்கவேண்டாம். எழுத்தில் இல்லாத வேலைக்கு வழக்காடுவது கடினம். பாதிக் காசை முற்பணமாகக் கொடுத்துவிட்டு, தொட்டி கழற்றிய குசினியோடு இரண்டு மாதம் குளியலறையில் பாத்திரம் கழுவிய குடும்பத்தை எங்களுக்குத் தெரியும். என்ன வேலை, என்ன பொருள், எப்போது முடியும், எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். முற்பணம் பத்தில் ஒரு பங்கோடு நிற்கட்டும். ஒன்ராறியோச் சட்டப்படி, உங்கள் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். வாசலுக்கு வந்து அவசரப்படுத்துபவரிடம் இதை நினைவில் வைத்திருங்கள்.

எங்கள் கணக்கு

வர்ணம், பிறைமர், தூரிகை 190 டொலர். கைபிடிகளும் பிணைச்சல்களும் 110. விசிறிப்பெட்டி 280. சுவரில் துளையிட்டுக் குழாய் விட்ட கூலி 400. மேசைப்பலகை 420. தொட்டியும் தண்ணீர்க் குழாயும் 200. மின்வேலை 450. கூட்டினால் 2,050. தொட்டியைக் கழற்றியபோது அடியில் பலகை உக்கியிருந்தது, அதற்கு 140. ஆக 2,190. மிச்சம் 310 டொலர். பழைய வீட்டில் எப்போதும் ஏதாவது ஒன்று உள்ளே உக்கியிருக்கும். அதற்கென்று ஒரு பங்கை ஒதுக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு

சுவரில் ஆணி அடிக்கவும் வர்ணம் பூசவும் முன்பு வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஆனால் ஒழுகும் குழாயும் ஓடாத விசிறியும் உங்கள் செலவு அல்ல. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அவற்றைத் திருத்துவது வீட்டுக்காரரின் கடமை. அவர் எங்கள் ஆளாக இருந்தாலும் கேட்கக் கூச்சப்படவேண்டாம். திகதி போட்டு எழுத்தில் கேளுங்கள். உங்கள் காசைப் போடுவதானால், போகும்போது எடுத்துக்கொண்டு போகக்கூடிய றாக்கை, மேசை, விளக்கு போன்றவற்றில் போடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் கிழமை நாளிலும் மீன் பொரிகிறது. அலுமாரி கிட்டப்போய்ப் பார்த்தால் பழசுதான், ஆனால் எவருக்கும் கடன் இல்லை. நீங்கள் செய்து பார்த்து நன்மை கண்ட முறைகள் இருந்தால் எழுதி அனுப்புங்கள், மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும். அடுத்த இதழில், மாரி தொடங்கமுன் வீட்டைக் குளிருக்கு அடைப்பது பற்றிப் பார்ப்போம்.