சிவப்புக்குக் கீழே ஒரு வழக்கு

"இன்னுமாடா ரிமோட்டைக் கட்டிக்கிட்டு அழற?" என்று பழைய அலுவலக நண்பன் கேட்டான். வாயால் சொன்னால் விளக்கெரிகிற காலத்தில் ஒருவன் அகச்சிவப்பு ரிசீவருக்கு லினக்ஸ் டிரைவர் எழுதிக்கொண்டிருந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்துவிட்டுப் போகட்டும். என் சண்டை அவனோடு இல்லை. ரிசீவர் செய்து விற்கிறவர்களோடு.

விஷயம் எளிது. ரிமோட்டின் முனையிலுள்ள சின்ன விளக்கு நொடிக்குச் சுமார் 38,000 முறை மினுக்குகிறது. மூன்று கால் ரிசீவர் அந்த மினுக்கலை வடித்துவிட்டு ஒளி, இருள், ஒளி, இருள் என்று மட்டும் சொல்லும். என்.ஈ.சி. முறையில் முதலில் 9 மில்லிநொடி ஒளி, 4.5 மில்லிநொடி இருள், பிறகு 32 பிட்கள். இருள் குட்டையாக இருந்தால் பூஜ்யம், நீண்டால் ஒன்று. பிலிப்ஸின் ஆர்.சி.-5 வேறு மாதிரி. அதில் ஒவ்வொரு அமுக்கலுக்கும் மாறுகிற ஒரு பிட் உண்டு, விடாமல் அமுக்குகிறோமா, விட்டு அமுக்குகிறோமா என்று தெரிவதற்காக. ஆளுக்கொரு பேச்சு வழக்கு. இந்த நேரங்களை அளந்து அப்படியே மேலே கொடுத்துவிட்டால் போதும், அர்த்தம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நான் வாங்கிய யூ.எஸ்.பி. ரிசீவர் அதைத்தான் செய்ய மறுத்தது. உள்ளேயிருக்கும் சிப் தன் பெட்டியில் வந்த ரிமோட்டை மட்டும் புரிந்துகொண்டு, கீபோர்டு போல எண்களை அனுப்பும். வேறு ரிமோட்டைக் காட்டினால் மௌனம். மூன்று வாரம் யூ.எஸ்.பி. பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எங்கேயாவது துடிப்பை அப்படியே தருகிற கட்டளை ஒளிந்திருக்குமா என்று. நான் தேடியவரை இல்லை. கருவி சொல்லாததை டிரைவர் எங்கிருந்து சொல்லும்?

"சாதாரண ஜனங்களுக்கு இது போதும் சார்" என்பார்கள். சரி, சாதாரண ஜனம் ஒருவரைச் சொல்கிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு என் அம்மாவுக்கு வலது கை சரியில்லை. ஏ.சி. ரிமோட்டின் குட்டிப் பொத்தான்கள் அவருக்கு ஆகாது. பழைய டிவி ரிமோட் மட்டும் இடது கட்டைவிரலுக்குப் பழகியிருந்தது. அதன் பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஏ.சி. 26-க்கு வரவேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆனால் ஏ.சி. ரிமோட் டிவி ரிமோட் போலப் பேசாது. ஒரு பொத்தானை அமுக்கினாலும் வெப்பநிலை, விசிறி வேகம், முறை என்று மொத்த நிலவரத்தையும் நீளமாக ஒப்பிக்கும். அதைப் பதிவு செய்து திருப்பி அனுப்பத் துடிப்புகளே வேண்டும். கீபோர்டு வேஷம் போட்ட கருவியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அவர்கள் பக்கம் ஒரு நல்ல வாதம் உண்டு, மறைக்க மாட்டேன். சிப்பே புரிந்துகொண்டால்தான் தூங்குகிற கணினியை ரிமோட்டால் எழுப்ப முடியும். உண்மை. அதற்காக விழித்திருக்கும்போதும் வாயைப் பொத்த வேண்டுமா? இரண்டு முறையையும் தருகிற கருவிகள் இருக்கின்றன.

நம்ம ஆட்கள் மட்டும் ஒழுங்கா? எல்.ஐ.ஆர்.சி. டிரைவர்கள் பத்தாண்டுக்கும் மேல் கர்னலுக்கு வெளியே கிடந்தன. கர்னலைப் புதுப்பிக்கும்போதெல்லாம் உடையும். 2009 கடைசியில் பெரிய வாக்குவாதம்: ரிமோட்டும் ஒரு கீபோர்டுதான், கர்னலே புரிந்துகொண்டு விசை எண்ணைக் கொடுக்கட்டும் என்று ஒரு கட்சி, துடிப்பை வெளியே கொடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று இன்னொரு கட்சி. 2010-இல் 2.6.36-இல் எல்.ஐ.ஆர்.சி. உள்ளே வந்தது, இரண்டுக்கும் இடம் கிடைத்தது. கீபோர்டுக் கட்சி பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் ஒரு ராத்திரியைப் பறிகொடுத்தேன். 'ஓகே' பொத்தானுக்குக் கர்னல் வைத்திருக்கும் எண் 352. எக்ஸ் விண்டோவின் விசை எண் 255-ஐத் தாண்டாது. அம்மா அமுக்குகிறார், கர்னலுக்குத் தெரிகிறது, திரைக்குத் தெரியவில்லை! 2018-இல் 4.18 கர்னல், பி.பி.எஃப். வழியாக நாமே ஒரு டிகோடரை எழுதி ஏற்ற விட்டது. எல்லா வழக்கையும் கர்னலுக்குள்ளேயே எழுதிவைத்து மாளாது என்பதை ஒப்புக்கொண்டதாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியில் ராஸ்பெர்ரி பை, ஒரு அகச்சிவப்பு எல்.ஈ.டி., ஒரு டிரான்சிஸ்டர். ஏற்கெனவே கர்னலில் இருக்கும் ஜி.பி.ஐ.ஓ. டிரைவர்கள் போதுமானதாக இருந்தன, நான் ஒரு வரி எழுதவில்லை. இரண்டு மாலைகளில் முடிந்தது. ரிசீவர் மட்டும் கையில் இல்லை. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு அந்த யூ.எஸ்.பி. கருவியை நெம்பித் திறந்தேன். உள்ளே அதே மூன்று கால் ரிசீவர் நிற்கிறது. எல்லா ரிமோட்டின் துடிப்பும் அதுவரை வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பக்கத்திலிருந்த சிப்தான் வாங்கிக் குப்பையில் போட்டிருக்கிறது. ரிசீவரைப் பிடுங்கிப் பையில் மாட்டினேன். அம்மாவின் பச்சைப் பொத்தானை இப்போது அதுதான் கேட்டுக்கொண்டிருக்கிறது.