சுழியோடிக்கு ஏற்ற தோணி

கடலடியைக் காணும் வேட்கை நம் மட்டக்களப்பு இளைஞரிடையே இருந்து வருகின்றது. முதுகிலே காற்றுக்கலம் தாங்கிச் சுழியோடப் பயின்ற சிலர், மோட்டார்ப் படகின் வாடகையை எண்ணி மலைத்து, ‘கயாக்’ என்னும் சிறுதோணி ஒன்றை வாங்கிக்கொண்டால் என்ன என்று கருதுகின்றனர். கருத்து நல்லதே. ஆயினும் நிறம் பார்த்து வாங்கும் பொருளன்று அது, உயிரோடு தொடர்புடையது. ஆதலின் இவ்வாரம் அதனைச் சற்று ஆராய்வோம்.

கயாக் என்பது வடதுருவப் பனிநாட்டு மக்கள் கண்ட கலம். சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்து, நடுவே ஒருவர் இடைமட்டும் புகுந்து அமரத்தக்க வாயில் விட்டு அதனை அமைத்தனர். குளிர்நீர் உடலிற் படாமற் காக்க அவ்வமைப்பு உதவிற்று. நமக்கோ குளிர் பகையன்று. இன்று விற்பனையாகும் கயாக்குகளில் இருவகை உண்டு. ஒன்று பழைய முறைப்படி உள்ளே புகுந்து அமர்வது. மற்றொன்று மூடிய தளத்தின்மேல் அமர்வது. முன்னையது நம் தோணிக்கு உறவு. பின்னையது கட்டுமரத்துக்கு உறவு. தோணி கவிழ்ந்தால் நீர் நிரம்பும், இறைத்தாலன்றி மீளாது. கட்டுமரத்திலோ அலை ஏறும், வழிந்துபோகும். நீரை வாங்கி மூழ்குவதற்கு அதனிடம் வயிறே இல்லை. மேலமர் கயாக்கின் உள்ளிடம் காற்றடைத்த வெற்றிடம். தளத்தில் ஏறிய நீர் அங்குள்ள துளைகளின் வழியே தானாக இறங்கிவிடும். நடுக்கடலில் இறங்கவும் ஏறவும் வேண்டிய சுழியோடிக்கு உகந்தது இவ்வகையே. இதில் நமக்கு ஐயமில்லை. ஆங்கிலேயர் நம் கட்டுமரத்தின் பெயரைக் கடன்கொண்டு ஈருடற் படகுக்குச் சூட்டினர். கட்டுமரத்தின் தத்துவமோ இந்தப் பிளாஸ்டிக் கலத்திலன்றோ குடியேறியிருக்கின்றது!

இனி அளவு. சாதாரண அலுமினியக் காற்றுக்கலம் ஒன்று நிரப்பிய நிலையில் ஏறத்தாழ 16 கிலோ நிறையுடையது. ஈயக்கட்டி, மிதவைச் சட்டை, சுவாசக் கருவி, காற்செதில், நங்கூரம், குடிநீர் யாவும் சேர 35 கிலோவை எட்டும். ஆளின் நிறை 70 கிலோ என்று கொண்டால் மொத்தம் 105. விற்பவர் கூறும் தாங்குதிறன் மிதப்பதற்கான எல்லையேயன்றிச் செவ்வனே செல்வதற்கான எல்லையன்று. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றாதிருத்தல் நலம். ஆகவே 160 கிலோவேனும் தாங்கும் கலத்தையே நாடுக. நீளம் 12 முதல் 14 அடி, அகலம் 28 முதல் 32 அங்குலம் இருக்கலாம். குட்டையான கலம் துடுப்புக்குத் துடுப்பு அணியத்தைத் திருப்பிக்கொண்டே போகும். ஒடுங்கிய கலம் விரைந்து செல்லும், ஆனால் நீரிலிருந்து ஏறும்போது புரண்டுவிடும். பின்பக்கத்திலே காற்றுக்கலம் படுத்திருக்கத்தக்க பள்ளமும் அதனை இறுகக் கட்டும் வார்களும் இன்றியமையாதவை. ஈயம் நடுவில், தாழ்வாக இருக்க வேண்டும்.

கயாக்கின்மேல் அமர்ந்தபடி காற்றுக்கலத்தை முதுகிற் பூட்ட முயலுதல் கவிழ்வதற்கு நேர்வழி. மிதவைச் சட்டையிற் காற்றூதி, காற்றுக்கலத்தோடு கயிற்றிற் கட்டி முதலில் நீரில் விடுக. பின்னர் இறங்கி நீரிலேயே அணிந்துகொள்க. மீளும்போது ஈயத்தை முதலிற் கழற்றி மேலே வைத்து, அடுத்துச் சட்டையைக் கழற்றி, காற்செதிலால் உதைத்து வயிறு தளத்திற் படிய ஏறுக. துடுப்பையும் கயிற்றால் பிணைக்க மறவற்க. இவற்றையெல்லாம் பாசிக்குடாவின் ஆழமற்ற நீரிலே, கலத்தை வேண்டுமென்றே பலமுறை கவிழ்த்துப் பழகலாம். வாவியிலே துடுப்புப் போடப் பழகலாம், சுழியோட முடியாது. நீர் கலங்கல், முதலையும் உண்டு. பாடும் மீனைப் பூரணை இரவில் தோணியிலிருந்து கேட்பதோடு நிறைவடைக. மாரியில் முகத்துவாரம் திறந்து வெள்ளம் கடலுக்குப் பாயும் நாளில், அவ்வழியே கயாக்கைச் செலுத்தத் துணிபவர் வீடு திரும்பும் எண்ணம் இல்லாதவரே.

நம் கரையில் அஞ்சத்தக்கது அலையன்று, கச்சான். சுழியோட்டத்துக்கு உகந்த சித்திரை முதல் ஆவணி வரையான காலத்திலேயே அது தரையிலிருந்து கடல்நோக்கி வீசுகின்றது. கரையோரம் கண்ணாடிபோல் இருக்கும். அரைக் கல் சென்றதும் காற்று முதுகைத் தள்ளும். போவது எளிது, திரும்புவது கடினம். சுழியோடிய பின் கடும் உழைப்பும் ஆகாது. உடலிற் கரைந்த நைதரசன் குமிழாகி நோய் விளைக்கும் வாய்ப்பை அது மிகுவிக்கின்றது. எனவே விடியலிற் சென்று, காற்றெழுமுன் மீளுக. காற்றை எதிர்த்துத் துடுப்பிட வேண்டிய பயணத்தை விலக்குக.

இளைஞர் பலரின் கனவு ‘ஹேர்மிஸ்’. விமானந்தாங்கியாகவே வரையப்பெற்ற முதற் கப்பலாகிய அது, 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்களால் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் மாண்டனர். கரையிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீற்றர் தொலைவில், 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் அது கிடக்கின்றது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லையோ 40 மீற்றர். கயாக்கில் அங்கே செல்வது வீரமன்று, பேதைமை. அதற்குத் தனிப் பயிற்சியும் பெரிய படகும் வேண்டும். அன்றியும் அது பலருக்குக் கல்லறை; அதிலிருந்து ஒரு திருகாணியையும் எடுத்துவருதல் தகாது. கயாக்குக்கு உரியவை கரையோரப் பார்களே.

மன்னாரிலே முத்துக் குளித்தோர் கல்லைக் கட்டி இறங்கும்போது, மேலே கயிற்றைப் பிடிக்க மனைவியின் உடன்பிறந்தானையே அமர்த்துவர் என்பர். தங்கையின் தாலியை அவன் மறவான் அல்லவா! கயாக்கில் தனியே செல்பவனுக்கு அக்கயிறு பிடிப்பான் இல்லை. நங்கூரம் பெயர்ந்து ஆளில்லாக் கலம் காற்றோடு போய்விட்டால், கீழிருந்து வருபவன் வெறுங்கடலையே காண்பான். ஆகவே குறைந்தது மூவர், இரு கலங்கள். இருவர் சுழியோட, ஒருவர் மேலே இருக்க வேண்டும். சிவப்பிலே வெண்குறுக்குப் பட்டையிட்ட சுழியோடிக் கொடி பறக்கட்டும். மீன்பிடிப் படகோட்டிகளிடமும் அதன் பொருளை முன்னரே சொல்லிவைக்கலாம். கூடுதலாக ஒரு கயாக்குக்குப் பணம் இல்லையெனில், கூட்டாக மோட்டார்ப் படகை அமர்த்துவதே சிக்கனம் என்பது நம் முடிபு.

பழைய கலம் வாங்குவோர் தளத்துத் துளைகளின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்க; மயிரிழை வெடிப்பு அங்கேதான் தோன்றும். பின்னர் இருவராகத் தூக்கி ஒருமுறை ஆட்டுக. உள்ளே நீர் சலசலக்குமாயின், விற்பவருக்கு வணக்கம் கூறி வேறிடம் தேடுக.