அவள் அவனைச் சந்தித்தது எங்கே?

லண்டன் மாநகரத்தின் கிழக்குப் பாகத்தில் ஒயிட்சாப்பல் என்றொரு வட்டாரம் உண்டு. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நவம்பர் வரையில் அங்கே ஏழை ஸ்திரீகள் ஐவர் கொலையுண்டனர். கொன்றவன் இன்னான் என்று இன்றளவும் எவரும் நிரூபித்தாரில்லை. அவ்வைவரில் ஒருத்தியான ஆனி சாப்மன், செப்டம்பர் 8ந் தேதி விடியற்காலையில் ஹான்பரி தெருவில் ஓர் ஆடவனோடு நின்று பேசிக்கொண்டிருந்ததைக் கண்டதாக, அவ்வழியே சந்தைக்குச் சென்ற மாது ஒருத்தி விசாரணையில் சாக்ஷி சொன்னாள். சிறிது நேரத்திற்கெல்லாம் அத்தெருவின் புறக்கடை ஒன்றில் ஆனி பிரேதமாகக் கிடந்தாள். அன்று தொடங்கிய ஊகம் இன்னும் ஓயவில்லை. அவனை அவள் முன்பே அறிவாளா? அவன் அழைத்தானா, அவள் அழைத்தாளா? இவற்றை ஆராய்ந்து எழுதப்பட்ட நூல்கள் ஓர் அலமாரியை நிரப்பும்.

அம்பத்தூரில் நம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தி அத்தகைய நூலொன்றை வாசித்துவிட்டு, "ஐயா, விக்டோரியா ராணியின் காலத்தில் நம் தேசத்திலே இப்படி ஊரெல்லாம் பேசிய வழக்கு ஏதும் இல்லையா?" என்று வினவினாள். உண்டு. ஒயிட்சாப்பலுக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே, வங்காளம் முழுவதையும் உலுக்கிய கொலை அது. அங்கேயும் ஜனங்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அவள் அவனைச் சந்தித்தது எவ்வாறு?" ஆனால் அவர்கள் கேட்டது கொலைஞனைப் பற்றியன்று. அந்த விநோதமே இவ்வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்ட விஷயம்.

ஹூக்ளி ஜில்லாவில் தாரகேசுவரம் என்னும் சிவஸ்தலம் இருக்கிறது. தாரகநாதரைத் தரிசிக்க வங்காளத்தின் பல திசைகளிலிருந்தும் யாத்திரிகர் வருவர். ஆலயமும் அதன் நிலபுலங்களும் மகந்து எனப்படும் மடாதிபதியின் கையில் இருந்தன. 1873ல் அப்பதவியில் இருந்தவர் மாதவசந்திர கிரி. ஸ்தலத்தை அடுத்த சிற்றூரில், தன் தகப்பனார் நீலகமல் முகோபாத்தியாயரின் இல்லத்தில், ஏலோகேசி என்னும் பதினாறு வயதுப் பெண் வாழ்ந்துவந்தாள். அவள் கணவன் நவீனசந்திர பானர்ஜி கல்கத்தாவில் ராணுவ அச்சுக்கூடத்தில் உத்தியோகம் பார்த்தவன்.

கணவன் பட்டணத்திலும் மனைவி பிறந்தகத்திலும் இருந்த காரணம் என்னவென்று நேயர்கள் கேட்கலாம். நம் ஆவடி வழியாக 1856லேயே புகைவண்டி ஓடத் தொடங்கிவிட்டது. தாரகேசுவரத்துக்கோ 1885ல்தான் இருப்புப்பாதை வந்தது. காலையில் சென்று மாலையில் திரும்பும் நம்மவரின் வாழ்க்கை அந்நாளைய வங்காளத்துக் குமாஸ்தாவுக்குக் கிட்டவில்லை. பட்டணத்தில் ஓர் அறையில் தங்கி, விடுமுறை வாய்க்கும்போது மட்டும் ஊருக்குப் போவதே பலருடைய வழக்கம். ஏலோகேசியின் கதை இந்தப் பிரிவிலிருந்துதான் தொடங்குகிறது.

1873 மே மாதத்தில் ஊர் திரும்பிய நவீனனின் செவியில், தன் மனைவிக்கும் மகந்துக்கும் தொடர்பு உண்டென்ற பேச்சு விழுந்தது. அவன் கேட்டான். அவள் ஒளியாமல் உரைத்து மன்னிப்பு வேண்டினாள். அவன் மன்னித்தான். அவளை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விடவும் தீர்மானித்தான். மகந்தின் ஆட்கள் வழியை மறித்தனர். 27ந் தேதி அவன் மீன் அரியும் பொண்டியை எடுத்து அவள் கழுத்தை வெட்டினான். பொண்டி என்பது வேறொன்றுமில்லை. நம் வீட்டு அடுக்களையில் காய் நறுக்கும் அரிவாள்மணையே. வெட்டியவன் தானே போலீஸாரிடம் சென்று குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

ஆக, இங்கே கொன்றவன் யார் என்பதில் அணுவளவும் ஐயமில்லை. எனினும் ஊரார் ஊகித்ததெல்லாம் மகந்தைப் பற்றியே. மகந்தை அவள் எவ்வாறு சந்தித்தாள்?

இதற்கு மூன்று விடைகள் உலவின. பிள்ளைவரம் வேண்டிச் சந்நிதிக்குச் சென்றாள், மருந்தென்று சொல்லி மகந்து எதையோ கொடுத்து மயக்கிக் கெடுத்தான் என்பது ஒன்று. பெற்றோரே பொருளாசையால் அவளை அனுப்பினர் என்பது இரண்டாவது. அவளே விரும்பிச் சென்றாள் என்பது மூன்றாவது. காளிகாட்டுப் படக்காரர்கள் முதற்சந்திப்பையும், வெற்றிலை கொடுப்பதையும், வெட்டு விழுவதையும் தனித்தனிப் படங்களாக எழுதி யாத்திரிகர்களுக்கு விற்றனர். அப்படங்கள் சில இன்று லண்டன் காட்சிசாலையில் இருக்கின்றன. அவ்வருஷமே பெங்கால் தியேட்டரில் நாடகமும் அரங்கேறிற்று. கோர்ட்டில் கூட்டம் தாங்காமல் உள்ளே நுழையக் கட்டணம் வாங்கினார்களென்றால் ஜனங்களின் ஆவலை அளந்துகொள்ளலாம்.

இம்மூன்று விடைகளும் யாருக்குப் பயன்பட்டன என்று நோக்குவோம். முதலாவது, மகந்தை வெறுத்தவர்களுக்கு உதவிற்று. இரண்டாவது, பெற்றோர்மேல் பழிசுமத்தி ஊர் தன் கையைக் கழுவிக்கொள்ள உதவிற்று. மூன்றாவது, கொன்றவனுக்கு உதவிற்று. மாண்டவளுக்கு உதவியது ஒன்றேனும் இல்லை. கணவனிடம் அவள் சொன்ன சொற்கள்கூட அவளைக் கொன்றவன் வாய்வழியாகத்தான் உலகுக்கு வந்தன.

நமக்கும் ஓர் ஊகம் உண்டு. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பூந்தமல்லிச் சாலையில் நின்று பார்த்தவர்கள் அறிவர், திருவேற்காட்டுக் கருமாரியம்மன் சந்நிதிக்குப் போகும் பெண்களின் வெள்ளத்தை. அவர்களுள் மணமாகிச் சில ஆண்டுகளே ஆன இளம் பெண்களும் இருப்பர். "விசேஷம் ஏதேனும் உண்டா?" என்று உற்றாரும் அண்டைவீட்டாரும் கேட்டுக் கேட்டுப் புண்ணாக்கிய மனத்தோடு அவர்கள் போகிறார்கள். கணவன் பட்டணத்தில் இருக்க, குழந்தை இல்லாத குறையை மாத்திரம் பெண்ணின் தலையில் சுமத்திய ஓர் ஊரில், பதினாறு வயதுச் சிறுமி கோயிலுக்குச் சென்றதில் ஆச்சரியம் என்ன? அங்கே அதிகாரம் முழுவதும் ஒருவர் கையில் இருந்தது. அந்தச் சந்நிதியில் அவள் "மாட்டேன்" என்று சொல்லியிருந்தால் கேட்பார் யார்? கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து புறப்பட்டபோதே வழிமறிக்க வல்லவனாயிருந்தான் மகந்து. தன்னந்தனியே இருந்த பெண் அவனைத் தடுத்திருக்கக்கூடுமா? அவள் சம்மதித்தாளா என்று வாதிட்டவர்கள் இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

சட்டமும் போடவில்லை. 1860ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவின்படி, பிறன் மனைவியைக் கூடியவன் குற்றவாளி. ஆனால் அக்கணவனுடைய சம்மதம் இருந்தால் குற்றமே இல்லை! மனைவியின் சம்மதம் எங்கும் பேசப்படவில்லை. அப்பிரிவின் கீழ் மகந்துக்கு மூன்று வருஷக் கடுங்காவலும் இரண்டாயிரம் ரூபாய் அபராதமும் கிடைத்தன. அவர் சிறையில் செக்கு இழுப்பதாகப் படம் எழுதி ஜனங்கள் களித்தனர். செக்கு என்றதும் கோயமுத்தூர்ச் சிறையில் சிதம்பரம் பிள்ளையவர்கள் பட்ட பாட்டை நினைந்து உருகும் நமக்கு, இந்தச் செக்கு வேறொரு நினைவைத் தரவேண்டியதே. அந்த 497ஆம் பிரிவை நமது உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது 2018 செப்டம்பர் 27ல்தான். சுதந்திரம் வந்த பின்னும் எழுபத்தோராண்டுகள் நாம் அதைச் சுமந்துகொண்டிருந்தோம்.

இனி, கொன்றவனுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். செராம்பூரில் நடந்த விசாரணையில் இந்திய ஜூரிகள், அவன் சித்தப்பிரமையால் செய்தான் என்று சொல்லி விடுவித்தனர். ஆங்கில நீதிபதி பீல்டு அதற்கு இணங்காமல் வழக்கை ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். அங்கே குற்றம் உறுதியாகி ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வங்காளம் கொதித்தது. நம்மவரின் மானத்தை அந்நியன் எப்படி அறிவான் என்று கேட்டனர். பெருந்திரளானோர் கையெழுத்திட்டு விண்ணப்பம் செய்தனர். 1875ல் நவீனன் விடுதலை பெற்றான். மகந்தும் தண்டனை முடிந்து மீண்டும் தம் பீடத்தில் அமர்ந்தார். அவ்விருவரும் வீடு திரும்பினர். அந்தப் பெண் ஒருத்திதான் திரும்பவில்லை.

தேசாபிமானத்தில் நாம் எவருக்கும் பின்வாங்கியவரல்லோம். அந்நிய ஆட்சியின் நீதிமன்றங்கள் நமக்கு இழைத்த அநீதிகள் ஏட்டில் அடங்கா. ஆயினும், வெள்ளைக்கார நீதிபதி சொன்னார் என்பதற்காகக் கொலை கொலையல்லாமற் போகாது. தாரகேசுவரத்து மகந்துவின் ஆட்சியை எதிர்த்து, தேசபந்து தாஸரின் ஆதரவோடு 1924ல் நடந்த சத்தியாக்கிரகமே நமக்குப் பெருமை தருவது. அங்கே தொண்டர்கள் அதிகாரத்தை எதிர்த்துச் சிறை புகுந்தனர். 1873லோ ஊரார் கண்ணீரையெல்லாம் அரிவாள்மணை ஏந்தியவனுக்கே வடித்துத் தீர்த்துவிட்டனர்.

ஆதலால் அம்மாணவிக்கு நாம் சொன்ன விடை இது: ஏலோகேசி தன்னைக் கொன்றவனைச் சந்தித்த இடம் தாரகநாதர் சந்நிதியன்று, இருண்ட சந்துமன்று. மேளம் முழங்க, பெரியோர் சூழ, அக்கினி சாக்ஷியாக, மணப்பந்தலில் சந்தித்தாள். அங்கே ஊகத்துக்கு இடமில்லாததனாலேயே ஒருவரும் அதைப்பற்றி ஊகிக்கவில்லை.

பழங்கதை என்று தள்ளிவிடவும் இயலவில்லை. 2023ல் உலகெங்கும் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களும் சிறுமியரும் ஏறத்தாழ 85,000 பேர் என்றும், அவர்களில் 51,100 பேரைக் கொன்றவர் கணவரோ துணைவரோ குடும்பத்தாரோ என்றும் ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டிருக்கிறது. நாளொன்றுக்கு நூற்று நாற்பது ஏலோகேசிகள்! பெண்மக்களை இருட்டில் போகாதே, அயலானோடு பேசாதே என்று எச்சரிக்கும் நாம், வீட்டுக்குள் அஞ்சி வாழும் பெண் பிறந்தகத்துக் கதவைத் தட்டும்போது என்ன சொல்கிறோம்? "பொறுத்துப் போ, அம்மா" என்றா? அக்கதவைத் திறந்து, அவள் சொல்வதை அவள் வாயாலேயே, அவள் உயிரோடிருக்கும்போதே கேட்பதுதான் ஏலோகேசிக்கு நாம் செலுத்தக்கூடிய கடன்.