சிவப்பு, கறை அல்ல!

முகச்சவரம் செய்யச் சொன்னால் மூக்கையும் சேர்த்துச் சீவிவிட்டு, "பார், முகம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது!" என்று பூரிக்கும் புத்திசாலியைக் கண்டதுண்டா, தம்பி? பழைய ஏடுகளின் கருத்துப்படங்களைக் கணினியில் ஏற்றிப் புதுப்பிக்கும் பணியிலே அத்தகைய புத்திசாலிகள் பெருகி வருகின்றனர்.

"புதுப்பிக்கவே வேண்டாமா?" என்பாய். வேண்டும், விரைந்து வேண்டும்! மரக்கூழில் செய்த தாள் அது. தன்னிலுள்ள அமிலமே தன்னைத் தின்ன, பழுத்துப் பழுப்பாகித் தொட்டால் உதிர்கிறது. இன்று படியெடுக்காவிட்டால், நாளை படியெடுக்கத் தூள்தான் மிஞ்சும்.

ஆனால், எப்படி எடுப்பது? 1906-இல் சென்னையிலே தோன்றிய 'இந்தியா' வார ஏட்டைப் பார். தமிழ் இதழ்களிலே அரசியல் கருத்துப்படத்துக்குப் பாதை திறந்த ஏடு, பாரதியார் நடத்தியது. அவர் கருத்தெல்லாம் நமக்கு உடன்பாடா என்பது வேறு பேச்சு. 1908-இல் அடக்குமுறை பாய்ந்தது. ஆசிரியர் என்று பதிவாகியிருந்த சீனிவாசன் சிறை புகுந்தார். பாரதியார் புதுவை புகுந்தார். ஏடும் அங்கே சென்றது. 1910-இல் அதன் மூச்சு நின்றது. அந்தப் படங்களைத் தேடித் திரட்டி ஆ. இரா. வேங்கடாசலபதி 1994-இல் நூலாக்கினார்.

அந்த ஏடு அச்சானது சிவப்புத் தாளில்! வெள்ளைத் தாளுக்குப் பஞ்சமா? இல்லை, நிறமே முழக்கம்! "பின்னணியைச் சுத்தம் செய்" என்று கணினிக்குக் கட்டளையிட்டால் அதற்கென்ன தெரியும்? சிவப்பைக் கறையென்று கருதிக் கழுவிவிடும். வெள்ளையர் ஆட்சி வெளுக்க முடியாத ஏட்டை ஒரு பொத்தான் வெளுத்துவிடும்!

புள்ளி நீக்கும் கருவியோ, தூசியோடு சேர்த்து ஓவியன் நிழலுக்கென இழுத்த நுண்கோடுகளையும் விழுங்குகிறது. செயற்கை நுண்ணறிவு அதற்கும் அண்ணன்! கிழிந்த இடத்தில் தானே ஒரு மீசையை வரைந்து ஒட்டுகிறது. யாருடைய மீசை? கருத்துப்படத்திலே ஆளைக் காட்டிக் கொடுப்பதே மீசையும் மூக்கும்தானே! அது மாறினால், ஓவியன் குத்தியது ஒருவரை, நாம் சிரிப்பது வேறொருவரைப் பார்த்து.

நாம் கேட்பது பெரிதல்ல. முதற்படியை, பக்கத்திலே நிற அட்டை வைத்து எடுத்து, கைபடாமல் காக்கட்டும். திருத்தமெல்லாம் தனிப்படியில் நடக்கட்டும். மறுபக்க மை ஊறியிருந்தால் நீக்கட்டும், தடையில்லை; கிழிசல் கிழிசலாகவே இருக்கட்டும். படத்தடி வாசகத்தையும் தேதியையும் வெட்ட வேண்டாம். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழைய ஏடுகளைப் படியெடுத்து வைத்திருக்கின்றன. திருத்திய படத்தை வெளியிடும் எவரும், திருத்தாத படத்தையும் அதன் அருகிலேயே வைக்கட்டும். எதை நீக்கினோம், எதைச் சேர்த்தோம் என்று இரண்டு வரி எழுதட்டும்.